செல் இல்லாத குடுவையிலும் ‘தொற்று’: ஆவிச் சேர்மங்கள் வழியே வெள்ளைக்கழிச்சல் வைரஸைக் கண்டறிய முயன்ற ஓர் ஆய்வின் நிகழ்வுப் பதிவு

பின்னணி

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் ஒருவர், 2022 மே மாதத்தில், கோவைக்கு அருகே தனியார் கல்லூரி ஒன்றில் இயங்கும் எங்கள் செல் வளர்ப்பு ஆய்வகத்துக்குக் கையில் ஒரு செய்தித்தாள் நறுக்குடன் வந்தார். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 14 அன்று, மூச்சுக் காற்றைக் கொண்டு கொரோனா தொற்றைக் கண்டறியும் இன்ஸ்பெக்ட்ஐஆர் என்ற கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவசரகால அனுமதி அளித்திருந்தது. மூச்சில் உள்ள ஐந்து ஆவிச் சேர்மங்களை (எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களை) அளந்து மூன்று நிமிடத்துக்குள் முடிவு சொல்லும் அந்தக் கருவி, 2,409 பேரிடம் செய்த சோதனையில், தொற்று உள்ளவர்களில் 91.2 விழுக்காட்டினரையும் தொற்று இல்லாதவர்களில் 99.3 விழுக்காட்டினரையும் சரியாகப் பிரித்துக் காட்டியிருந்தது. மனிதருக்கு ஆவது கோழிக்கு ஏன் ஆகாது என்பது அவருடைய கேள்வி.

அவர் பண்ணையில் தடுப்பு மருந்து கால அட்டவணைப்படி கொடுக்கப்பட்டும், ஓராண்டுக்குள் இருமுறை வெள்ளைக்கழிச்சல் வந்து முட்டை சரிந்து கோழிகளும் மடிந்திருந்தன. “சீக்கு வெளியில தெரியறதுக்கு மொத நாளே ஷெட்டுக்குள்ள வாசம் மாறிப்போகுமுங்க. உள்ள நுழைஞ்சதுமே எனக்குத் தெரிஞ்சுரும். அத ஒரு மிசினு சொல்லுமான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். இணையத்தில் விற்கப்படும் வாயு உணரிகளை வாங்கி ஷெட் முழுவதும் பொருத்தவும் அவர் ஏறத்தாழ முடிவு செய்திருந்தார். அதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றே வந்திருந்தார்.

வெள்ளைக்கழிச்சல், அதாவது இராணிக்கெட் நோய், 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் முதலில் பதிவானது. சிறிது காலத்தில் இமயமலை அடிவார ஊரான இராணிக்கெட்டில் காணப்பட்டதால் நம் நாட்டில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. நோய்க்குக் காரணமான வைரஸுக்கு எந்த வைரஸையும் போலவே சொந்த வளர்சிதை மாற்றம் கிடையாது. ஆகவே அதற்கென்று தனி வாசமும் இருக்க வழியில்லை. தான் புகுந்த செல்லின் கொழுப்பு, சர்க்கரை, அமினோ அமிலப் பாதைகளை அது திருப்பிவிடும்போது, அந்தச் செல் வெளியிடும் ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால் போன்ற ஆவிச் சேர்மங்களின் அளவு மாறலாம் என்பதுதான் இத்துறையின் அடிப்படைக் கருத்து. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, மனித பி-செல்களில் மூன்று வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்களைத் தொற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆவிச் சேர்மக் கோலம் வேறுபடுவதாக 2014இல் வெளியிட்டிருந்தது. நம் சிப்பிப்பாறை நாய்களுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. ஜெயா, மணி என்ற இரு சிப்பிப்பாறைகளையும் காஸ்பர் என்ற காக்கர் ஸ்பேனியலையும் மோப்பத்தால் கொரோனாவைக் கண்டறியப் பழக்கியிருப்பதாக இந்திய இராணுவம் 2021 பிப்ரவரியில் காட்டியது. எனவே பண்ணையாளரின் எண்ணத்தை வீண் என்று தள்ள எங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

முதல் முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆய்வை ஷெட்டில் தொடங்குவதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். கூண்டுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் சேரும் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றில் பத்து இலட்சத்தில் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரை இருக்கும். செல்கள் வெளியிடும் சேர்மங்களோ பெரும்பாலும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில்தான் இருக்கும். செல்லில் வேறுபாடு உண்டா என்பதே தெரியாமல் ஷெட்டில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும் என்று கருதினோம். அந்த முடிவை இப்போதும் சரியென்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பு கருதி, நோய் பரப்பும் களவைரஸைத் தொடாமல், லசோட்டா என்ற தடுப்பு மருந்து வைரஸ் வகையை மட்டும் பயன்படுத்தினோம். பல்லடம் பக்கத்துக் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றிலிருந்து பத்து நாள் அடைவைத்த முட்டைகளை வாங்கி, கருவிலிருந்து நார்ச்செல்களைப் பிரித்து வளர்ப்புக் குடுவைகளில் படரவிட்டோம். தடுப்பு மருந்து வைரஸை அதே போன்ற முட்டைகளின் அல்லன்டாயிக் திரவத்தில் (முட்டைக்குள் கருவை ஒட்டிய பை ஒன்றில் இருக்கும் நீர்மத்தில்) பெருக்கி, அந்தத் திரவத்தை அப்படியே வித்தாக, அதாவது தொற்றைத் தொடங்கிவைக்கும் நீர்மமாக, குடுவைகளில் ஊற்றினோம்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பின்னர் வந்த சிக்கலின் வேர் இதில்தான் இருக்கிறது. வைரஸின் மேற்புறத்தில் உள்ள இணைவுப் புரதம் இரண்டாக வெட்டப்பட்டால்தான் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். வீரியமிக்க வகைகளில் அந்த வெட்டுமிடத்தை எல்லாச் செல்களிலும் இருக்கும் ஃபியூரின் என்ற நொதியே வெட்டிவிடும். லசோட்டா போன்ற மென்வகைகளுக்கு டிரிப்சின் போன்ற நொதி தேவை. முட்டைக்குள் அதற்கு ஈடான நொதி இயல்பாகவே உண்டு, குடுவையில் கிடையாது. ஆகவே தொற்றவைத்த குடுவைகளுக்கு டிரிப்சின் சேர்த்தோம். செல் வளர்ப்பில் வழக்கமாகச் சேர்க்கும் கன்றுச் சீரத்தில் (கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்) டிரிப்சினை முடக்கும் பொருள்கள் இருப்பதால், அந்தக் குடுவைகளுக்குச் சீரம் இல்லாத ஊடகத்தை, அதாவது செல்கள் வளரும் சத்துக் கரைசலை, கொடுத்தோம். ஒப்பீட்டுக் குடுவைகளுக்கோ, செல்கள் நலமாக இருக்கட்டும் என்று, ஆய்வகத்தின் வழக்கமான சீரம் கலந்த ஊடகமே போயிற்று. இதை யாரும் முடிவென்று எடுக்கவில்லை. பழக்கம் தானாக நடந்துகொண்டது.

அளவீட்டுக்கு, ஊடகத்தைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மேலே தேங்கும் ஆவியை நுண் நாரிழையில் உறிஞ்சி, ஆவிக் கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து, நிறையைக் கொண்டு இனங்காணும் ஜிசி-எம்எஸ் கருவியில் செலுத்தும் முறையைத் தேர்ந்தோம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஷ் பாவ்லிஷின் 1990இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில் கரைப்பான் தேவையில்லை என்பது பெரிய வசதி. கருவி எங்களுடையதன்று, நகரில் உள்ள மற்றொரு நிறுவனத்தில் நேரம் ஒதுக்கிப் பெற்றோம். ஒரு மாதிரிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தொற்றில்லாத பன்னிரண்டு குப்பிகள் முதலில் ஓடின, தொற்றுள்ள பன்னிரண்டும் அவற்றுக்குப் பிறகு ஓடின. செல் வளர்ப்பு அறையில் எப்போதும் நலமான செல்லை முதலிலும் தொற்றுள்ளதைப் பிறகும் கையாள வேண்டும் என்பது பால பாடம். அந்த ஒழுங்கையே யோசிக்காமல் கருவிக்கும் கொண்டுபோய்விட்டோம்.

முதல் சுற்றில் கண்டவை

கருவி தந்த வரைபடத்தில் நூற்றுக்கணக்கான உச்சங்கள் கிடைத்தன; ஒவ்வோர் உச்சமும் ஒரு சேர்மத்தைக் குறிக்கும். நிறை எண் 207, 281 ஆகியவற்றில் எழும் சிலாக்சேன் உச்சங்கள் கருவியின் குழலிலிருந்தும் நாரிழையிலிருந்தும் வருபவை என்பது தெரிந்ததே, அவற்றை நீக்கினோம். வளர்ப்புக் குடுவையின் நெகிழியிலிருந்து வரும் ஸ்டைரீனையும், கை கழுவும் திரவத்திலிருந்து வரும் ஐசோபுரொப்பனாலையும் நீக்கினோம். எஞ்சியவற்றைக் கணினியில் இட்டபோது, இரு தொகுதிகளும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியே பிரிந்து நின்றன. குறிப்பாக, சில ஆல்டிஹைடுகள் தொற்றுள்ள குடுவைகளில் வெகுவாகக் குறைந்திருந்தன. தொற்றுள்ள செல் அவற்றை உண்டு தீர்க்கிறது என்று ஆய்வு மாணவி எழுதினார். வழிகாட்டியான நானும் அதை ஏற்றேன்.

அதே பட்டியலில், கோழிச் செல்லுக்கு எவ்வகையிலும் பொருந்தாத ஆர்-டர்மரோன் என்ற சேர்மமும் இருந்தது. அது மஞ்சள் எண்ணெயின் முதன்மையான சேர்மங்களுள் ஒன்று. விசாரித்ததில், எங்களுக்கு முன் அதே கருவியில் ஈரோட்டு மஞ்சள் மாதிரிகள் ஓடியிருந்தது தெரியவந்தது. குழலில் தங்கிய எச்சம் எங்கள் மாதிரிகளோடு சேர்ந்து வெளியேறியிருக்கிறது. கோழிச் செல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள் என்று ஆய்வகத்தில் சிரித்துவிட்டு, அந்த உச்சத்தையும் நீக்கினோம். ஆனால் அது தொற்றில்லாத குப்பிகளில் மட்டும் மிகுதியாகவும் தொற்றுள்ளவற்றில் அற்பமாகவும் ஏன் இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். முதலில் ஓடியவை தொற்றில்லாதவை. எச்சம் ஓட்டத்துக்கு ஓட்டம் கழுவப்பட்டுக் குறைந்தது. ஆகவே ஓடிய வரிசையே தொற்றின் அடையாளமாக வேடமிட்டது. மஞ்சள் ஒன்றில் இது கண்ணுக்குத் தெரிந்தது என்றால், பெயர் தெரியாத வேறு எத்தனை உச்சங்களில் மறைந்திருந்ததோ. சான்றைக் குப்பையென்று துடைத்துப் போட்டது இந்த ஆய்வில் நான் செய்த முதல் பெரிய தவறு.

அந்நிலையிலேயே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பினோம், அது ஏற்கவும்பட்டது.

பண்ணையாளரின் கேள்வி

2022 நவம்பரில் பண்ணையாளர் மீண்டும் வந்தார். மாணவி கணினித் திரையில் இரு வண்ணப் புள்ளிக் கூட்டங்களைக் காட்டி விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “ஏனுங்க அம்மிணி, கோழியே இல்லாத ஷெட்டுல இத வெச்சா என்னங்க சொல்லும்?” என்றார். தான் வாங்க நினைத்த உணரி, காலி ஷெட்டிலும் கூவிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்ற நடைமுறைக் கவலையில் அவர் கேட்டது அது. எங்களிடம் அதற்கு விடை இல்லை. செல்லே இல்லாத குடுவையை நாங்கள் ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.

மறுவாரமே, செல்கள் இல்லாத வெற்றுக் குடுவைகளில் இரு ஊடகங்களையும் தனித்தனியே இட்டு, அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்து, அளந்து, ஏற்கெனவே உருவாக்கிய கணினி மாதிரியமைப்பிடம் கொடுத்தோம். சீரம் இல்லாத, டிரிப்சினும் அல்லன்டாயிக் திரவமும் கலந்த ஊடகம் இருந்த வெற்றுக் குடுவைகள் அனைத்தையும் அது தொற்றுள்ளவை என்றது. சீரம் கலந்த ஊடகம் இருந்தவற்றைத் தொற்றற்றவை என்றது. இத்தனைக்கும் அந்தத் திரவம் வைரஸ் செலுத்தாத முட்டையிலிருந்து எடுத்தது.

பிழை தெரிந்த விதம்

காரணத்தைத் தேடிய மூன்று நாள்களில் மாணவியும் நானும் கருவியையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். விடையை எடுத்துக் கொடுத்தவர் ஊடகம் தயாரிக்கும் ஆய்வக உதவியாளர். பதிவேட்டை விரல் வைத்துப் படித்துவிட்டு, “இந்தப் பக்கம் பூராச் சீரம் எழுதியிருக்குதுங்க, அந்தப் பக்கம் ஒரு சொட்டும் எழுதலீங்களே” என்றார். அதன் பிறகு எல்லாம் விளங்கியது. ஆல்டிஹைடுகளைத் தொற்றுள்ள செல் உண்ணவில்லை. அவை சீரத்துடன் வருபவை, சீரம் ஊற்றாத குடுவையில் அவை இருக்கக் காரணமே இல்லை. தொற்றுள்ள குடுவைகளில் கூடியிருந்தவற்றில் பல, முட்டைத் திரவத்துக்குரியவை. வித்தை ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் கழுவிவிடுவது வழக்கம். படர்ந்த செல்கள் உரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாணவி அதைச் செய்யாமல் விட்டிருந்தார், நானும் கேட்கவில்லை.

வேறொன்றும் அப்போதுதான் உறைத்தது. இருபத்து நான்கு குடுவைகளும் ஒரே நாளில், ஒரே தட்டு முட்டைகளிலிருந்து எடுத்த செல்கள். எண்ணிக்கையில் இருபத்து நான்கு என்றாலும், உயிரியல் கணக்கில் அது ஒரே ஒரு சோதனை. நூற்றுக்கணக்கான உச்சங்களை வைத்துக்கொண்டு இருபத்து நான்கு மாதிரிகளைப் பிரிக்கச் சொன்னால், எந்தக் கணினியும் ஏதாவதொரு கோட்டைப் போட்டுப் பிரித்துத்தான் காட்டும். பெயர்ச்சீட்டுகளைக் கலைத்துப் போட்டு மீண்டும் ஓட்டியபோது, அர்த்தமற்ற தொகுதிகளும் பலமுறை அழகாகப் பிரிந்தன.

கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்தோம். மாணவிக்கு அது கடினமாக இருந்தது. கல்வியாண்டுக் கணக்கில் அவருக்கு ஏறக்குறைய ஆறு மாதம் போயிற்று. தவறு ஊடகத் திட்டத்தில் இருந்தது, அந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டவன் நான் என்பதைத் துறைக்கு எழுத்தில் கொடுத்தேன்.

இரண்டாம் சுற்று

2023 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் சுற்றில், எல்லாக் குடுவைகளுக்கும் ஒரே ஊடகம்: சீரம் இல்லை, டிரிப்சின் உண்டு. வைரஸோடு சேர்ந்து வருபவை எல்லாம் வைரஸ் இல்லாத குடுவைக்கும் போக வேண்டும் என்பதே புதிய விதி. ஆகவே உயிருள்ள வைரஸ், புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்த அதே வைரஸ், வைரஸ் செலுத்தாத முட்டையின் அல்லன்டாயிக் திரவம் என மூன்று வித்துகளை வைத்தோம். கதிர் பட்ட வைரஸ் உண்மையிலேயே செயலிழந்ததா என்பதை, முட்டையில் மீண்டும் செலுத்தி, வைரஸ் பெருகியதற்கு அடையாளமான, இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் திறன் எழவில்லை என்று கண்ட பிறகே பயன்படுத்தினோம்.

இவற்றோடு, கோழிகளைத் தாக்கும் வேறொரு வைரஸ் நோயான கம்போரோவின் தடுப்பு மருந்து வைரஸ் ஏற்றிய குடுவைகளும், தொற்றே இல்லாமல் உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்களும், செல் இல்லாத வெற்றுக் குடுவைகளும் சேர்ந்தன. கம்போரோ வைரஸ் எங்களிடம் செல்லிலேயே வளர்ந்தது, முட்டைத் திரவத்தில் அன்று. எனவே அந்தக் குடுவைகளிலும் அதே அளவு வெற்று முட்டைத் திரவத்தைச் சேர்த்தோம். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில், மாட்டு வைரஸ் ஒன்று தொற்றிய செல் வளர்ப்பை, வேறு இரு மாட்டு வைரஸ்கள் தொற்றியவற்றிலிருந்தும் பிரித்தறிய இரண்டு நாய்களைப் பழக்கியிருந்தார்கள். நாயிடம் வைத்த அந்தக் கடினமான கேள்வியை நாங்கள் முதல் சுற்றில் கருவியிடம் வைக்கவேயில்லை.

நான்கு வெவ்வேறு வாரங்களில், நான்கு தட்டு முட்டைகளில், முழுச் சோதனையையும் திரும்பத் திரும்பச் செய்தோம். குப்பிகளை மூடி முடிக்கும்வரை நலமானவை முதலில் என்ற ஒழுங்கைக் காத்தோம். மூடிய பிறகு உதவியாளர் சீட்டுக் குலுக்கி எண் ஒட்டினார், எந்த எண் எதுவென்று அளப்பவருக்குத் தெரியாது. கருவியில் ஒவ்வொரு நாளும் முதல் மூன்று ஓட்டங்கள் வெறும் நாரிழையோடு விடப்பட்டன.

சீரம் இன்றி டிரிப்சினில் இருந்த நலமான செல்களும் மூன்றாம் நாளில் உரியத் தொடங்கியதால், 48 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

24 மணி நேரத்தில் மூன்று வித்துகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியவில்லை. 48 மணி நேரத்தில், நுண்ணோக்கியில் செல்கள் உருண்டு, ஒன்றோடொன்று இணைந்து சிதையத் தொடங்கிய குடுவைகளில் மட்டும், ஹெக்சனல் உள்ளிட்ட சில ஆல்டிஹைடுகள் கூடின. இது நான்கு வாரங்களிலும் திரும்பியது, ஆகவே வெறும் தற்செயல் என்று சொல்லமாட்டேன். ஆனால் கம்போரோ குடுவைகளிலும் அவையே கூடின. உறையவைத்துக் கொன்ற செல்களில் இன்னும் அதிகமாகக் கூடின. செல்லின் கொழுப்புச் சவ்வு சிதைந்து ஆக்சிகரணம் அடையும்போது எழும் பொருள்கள் அவை. எங்கள் அமைப்பில் கருவி முகர்ந்தது செல்லின் சாவை. எந்த வைரஸ் கொன்றது என்பதையோ, வைரஸ்தான் கொன்றதா என்பதையோ அதனால் சொல்ல முடியவில்லை. அதுவும் நுண்ணோக்கிக்குத் தெரிந்த பிறகுதான்.

பின் நிகழ்ந்தவை

பண்ணையாளரிடம் 2023 மே மாதத்தில் முடிவைச் சொன்னோம். உணரிகளை வாங்க வேண்டாம் என்று நேராகவே கூறினோம். ஷெட்டில் வாசம் மாறுவதாக அவர் சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை; நோயுற்ற கோழியின் கழிச்சல், குறையும் தீனி, மாறும் எச்சத்தின் ஈரம் ஆகியவை எல்லாம் வாசத்தை மாற்றக்கூடியவை, ஆனால் அது செல்லிலிருந்து எழும் வைரஸின் முத்திரை என்று கொள்ள எங்களிடம் ஆதாரம் இல்லை என்றோம்.

அவர் பண்ணைக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு. கால்நடை மருத்துவர் ஒருவர் கோழிகளின் இரத்தத்தை எடுத்து எதிர்ப்பாற்றல் அளவைப் பார்த்தபோது, ஒரே ஷெட்டில் சில கோழிகளில் அது நன்றாகவும் பலவற்றில் மிகக் குறைவாகவும் இருந்தது. உயிருள்ள தடுப்பு மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்துவந்தார்கள். ஆனால் அந்தத் தொட்டி நீரில் குளோரின் இருந்தது. குளோரின், மருந்திலுள்ள வைரஸைக் கோழியின் வாய்க்குப் போகுமுன்பே கொன்றுவிடும். மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்பே குளோரினை நிறுத்தி, நீரில் கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கலந்து கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். அடுத்த பரிசோதனையில் அளவுகள் முன்பைவிடச் சீராக இருந்ததாகத் தெரிவித்தார்.

மாணவியின் ஆய்வேடு தலைப்பு மாறியது. வித்து, ஊடகம், ஓட்ட வரிசை ஆகியவை செல் வளர்ப்பின் ஆவிச் சேர்மக் கோலத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்பதே இப்போது அதன் பொருள். முதல் சுற்றின் தரவுகள் நீக்கப்படாமல், பிழையின் அளவைக் காட்டும் பகுதியாக அதில் முழுமையாக இடம்பெற்றன.

இப்போது மாற்றிச் செய்பவை

எந்த ஆவிச் சேர்ம ஆய்விலும், செல் இல்லாத குடுவையை முதல் நாளிலேயே ஓட்டுகிறோம். அதன் முடிவைப் பார்த்த பிறகே முட்டை வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். ஒப்பீட்டுக் குடுவைக்கு என்ன போகிறது என்பதை “வழக்கமான ஊடகம்” என்று எழுத அனுமதிப்பதில்லை. சேர்மானம் முழுவதையும் இரு பத்திகளாக எதிரெதிரே எழுதி, வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் மாணவர் காரணம் சொல்ல வேண்டும், உதவியாளர் கையொப்பமிட வேண்டும். நீக்கும் ஒவ்வோர் உச்சமும் எந்தத் தொகுதியில் மிகுந்திருந்தது என்று குறித்த பின்பே நீக்கப்படுகிறது. கருவியை எங்களுக்கு முன் யார், எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். மஞ்சள் அறுவடைக் காலத்தில், அதாவது மாசி, பங்குனி மாதங்களில், அந்தக் கருவியில் நாங்கள் நேரம் கேட்பதேயில்லை.